ஆறு பேருக்கும் ஒரே கட்டைவிரல்

17 ஜூலை 1961, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். குடையில் ஒரு கம்பி போயிற்று. தென்காசியில் பஸ் ஏறினால் மேலகரம் வருவதற்குள் பஸ்ஸுக்குள்ளும் மழை. கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்கிறான். எங்கே போக, அருவிக்குள்ளேயா?

இன்னும் இருபத்தெட்டு நாள். ஆகஸ்ட் 14 பிற்பகலோடு எனக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு சர்க்காருக்கு நான் வேண்டாம்.

டீக்கடையில் ஒருவன்: "அம்பத்தஞ்சுல நம்மளை வீட்டுக்கு அனுப்புதான். மந்திரிமாருக்கு மட்டும் வயசே ஆகாதோ?" இன்னொருவன், இதை அம்பத்தெட்டு ஆக்கப் போகிறார்களாம் என்றான். மூன்று வருஷமாக இதே பேச்சு. ஆக்கினாலும் நான் போன மறுநாள்தான் ஆக்குவான், என் ராசி அப்படி.

குற்றாலத்தில் எங்களைச் சீசன் ஆபீஸ் என்பார்கள். அருவிக்கரைப் படி, விடுதி அறை, கடைகள் எல்லாம் எங்கள் பொறுப்பு. ஒரு மானேஜர் (இனி 'மா.' என்றே எழுதுவேன், கை வலிக்கிறது), ஒரு கிளார்க். கிளார்க் நான்.

பதினொரு மணித் தபாலில் மேலிடத்துக் கடிதம். ஒரே பேரில் தொடர்ந்து ஐந்து சீசன் வேலை பார்த்த தினக்கூலிகளை நிரந்தரம் ஆக்கலாம். பட்டியல் அனுப்பு. ஆகஸ்ட் பத்தாம் தேதி திருநெல்வேலியிலிருந்து ஆபீசர் வந்து மஸ்டர் ரோல்களை, அதாவது தினக்கூலி வருகைப் பதிவேடுகளை, பார்ப்பார்.

இரண்டு தடவை வாசித்தேன்.

நாலு மணிக்கு ஜன்னலில் இசக்கியம்மாள். பெண்கள் பக்கத்துப் படியில் பாசி தேய்க்கிறவள். அதற்குள் யார் சொன்னார்களோ.

"அண்ணாச்சி, நிரந்தரம் ஆக்கப் போறாவளாமே. என் பேரு வருமில்லா?"

பார்க்கலாம் என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

18, செவ்வாய்

யாரிடமும் சொல்ல முடியாது. இங்கேயாவது எழுதுகிறேன்.

பழைய விதி ஒன்று: தினக்கூலி ஆளை அடுத்தடுத்த இரண்டு சீசனுக்கு வைக்கக் கூடாது. வைத்தால் நாளைக்கு வேலை என் உரிமை என்று கேட்பான் அல்லவா, அதற்காக. ஆனால் பாசி தேய்க்கப் பழகின ஆளை விட்டுப் புது ஆளைப் போட்டால் முதல் மழைக்கே நாலு பேர் வழுக்கி மண்டை உடையும். அப்போதிருந்த பழைய மானேஜர் (இப்போது உயிரோடு இல்லை) வழி சொன்னார்: "ஆளை மாத்தாதேயும் ஓய், பேரை மாத்தும்."

மாற்றினேன். 1950 இசக்கியம்மாள். 51 பேச்சியம்மாள், அவள் தங்கச்சி, புனலூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள், இந்தப் படியை மிதித்ததே இல்லை. 52 கோமதி, அவள் அம்மா. 53 மறுபடி இசக்கி. இப்படியே சுற்றிச் சுற்றிப் பதினொரு சீசன். எல்லாம் என் கையெழுத்து. கோமதி 56இல் காலமானாள். காலமான பிறகு 58இல் ஒரு சீசன் வேலை பார்த்தாள். இந்த வருஷமும் பார்க்கிறாள்.

மற்ற ஐந்து தினக்கூலிகள் வந்து போகிறவர்கள். இவள் ஒருத்திதான் நிலையாக நின்றவள். ஐந்து சீசன் கேட்கிறான், இவள் பதினொன்று நின்றிருக்கிறாள். ஆனால் காகிதத்தில் ஒரே பேரில் இரண்டு சீசன்கூடச் சேர்ந்தாற்போல் கிடையாது.

கூலியில் ஒரு காசு தொட்டதில்லை. அது சத்தியம். அதை எழுதி என்ன ஆகப் போகிறது.

செய்ய வேண்டியது: குடைக் கம்பி. வீட்டில் சண்பகத்துக்கு மூட்டுத் தைலம். மகனுக்கு ஜபல்பூருக்குக் கடிதம் (பட்டாளத்தில் குளிராம், ஸ்வெட்டர் கேட்கிறான், ஆடி மாசத்தில்!). பென்சன் பாரம் நாலாம் பக்கம்.

20, வியாழன்

கடைக்காரர்களுக்குத் தொழில்வரி நோட்டீஸைக் கையில் கொடுத்துச் சார்பு செய்யப் போனேன். பழக்கடைக்காரர் நோட்டீஸைக் குடையாகப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: "அருவியில தண்ணி விழுந்தா எனக்கு வரி. தண்ணி விழலைன்னா திருப்பித் தருவியளா?" சட்டத்தில் இடமில்லை என்றேன். "சட்டத்துல உமக்கு மட்டும் எல்லா இடமும் இருக்கு" என்றார். வாயைக் கொடுத்தது என் தப்பு.

திரும்பி வந்தால் மா. கூப்பிடுகிறார். வெளியூர்க்காரர், முப்பது வயது, மழையிலும் கோட்டு. கதவைச் சாத்தச் சொன்னார்.

"பழைய மஸ்டர் எல்லாம் ரெக்கார்டு ரூம்லதானே இருக்கு சார்? அங்கே கரையான் ஜாஸ்தி இல்லையா?"

"ஒரு மூலையில் இருக்கு சார்."

"எல்லா மூலையிலும் இருக்குன்னு வச்சுக்குங்க. மஸ்டரெல்லாம் அரிச்சுப் போச்சுன்னு நீங்க ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்துடுங்க. பட்டியல் இல்லைன்னு நான் அனுப்பிடறேன். யாருக்கும் தொந்தரவு இல்லை. உங்க பென்சன் பேப்பர் என் மேசையிலதான் இருக்கு."

கடைசி வாக்கியத்தை ரொம்ப மரியாதையாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இவனுக்கு என்ன பயம்? இவன் வந்து இரண்டு சீசன்தான் ஆகிறது. ஆனால் அந்த இரண்டு ரோலிலும் இவன் கையெழுத்தும் இருக்கிறதே.

22, சனி

இன்று நல்ல நாள்! ரெக்கார்டு ரூமில் இரண்டு மணி நேரம். தும்மல். சிவப்பு நாடா கட்டின பதினொரு கட்டு, ஒன்றைக்கூடக் கரையான் தொடவில்லை.

50ஆம் வருஷத்தை விரித்தேன். இசக்கியம்மாள் பேருக்கு எதிரே அவள் இடது கட்டைவிரல் ரேகை. 51 பேச்சியம்மாள், அதே ரேகை. 52 கோமதி, அதே. படியில் எண்ணெய்ப் பாட்டில் உடைந்து குத்தின வடு அவள் விரலில் நடுவில் பிறை மாதிரி உண்டு. மூன்று பேரிலும் அந்தப் பிறை.

பேர் மூன்று, விரல் ஒன்று! மடையன், இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை? ஆபீசரிடம் ரோல்களைக் காட்டினால் போதும். பழைய மானேஜர் சொல்லித்தான் பேர் மாற்றினேன் என்று சொல்லலாம், திட்டுவார், ஒரு மெமோவோடு போகும்.

ஜன்னலில் கூப்பிட்டுச் சொன்னேன். "இசக்கி, உன் கட்டைவிரல் உன்னைக் காப்பாத்தும்" என்றேன். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு இத்தனை பவுசா" என்றாள்.

அடுத்த கட்டுகளைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். பஸ்ஸில் இடம் கிடைத்தது. அல்வா வாங்கிப் போனேன்.

23, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்தேன். கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு கட்டைவிரலைப் பார்த்தவன் அப்படியே இருந்துவிட்டேன்.

54.

அந்த வருஷம் பெருவெள்ளம். படிக்கட்டை மூடிவிட்டார்கள். பில் அன்று நாலு மணிக்குள் தென்காசிக் கஜானாவுக்குப் போகாவிட்டால் அந்த மாதம் ஆறு பேருக்கும் கூலி இல்லை. ஆறு பேரும் எங்கெங்கோ. என்ன செய்தேன்? ஸ்டாம்ப் பேடைத் திறந்தேன். இசக்கிக்கு ஒன்று. மற்ற ஐந்து பேருக்கும் ஐந்து. எல்லாம் என் இடது கட்டைவிரல்.

நல்லதுக்குத்தான் செய்தேன். அடுத்த மாதமும் அவசரம். அதற்கடுத்த மாதம் அவசரமில்லை, ஆனால் சுலபமாக இருந்தது. ஆறு பேரை வரிசையில் நிறுத்தி, மை தடவி, துடைத்து... யார் பார்க்கப் போகிறார்கள்? அப்புறம் அதுவே வழக்கம்.

"என்ன, எண்ணெய் முழுக்கத் தரையில கெடக்கு, அங்கன என்ன பாக்கிய?" என்று சண்பகம் சத்தம் போட்டாள். தலைசுற்றல் என்றேன். அல்வாவை அவள் ஒருத்தியே தின்றாள்.

24, திங்கள்

பார்த்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில், கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியாகப் பிடித்துக்கொண்டு.

50, 51, 52, 53: அவள் விரல்.
54 முதல் 60 வரை: என் விரல்.
இந்த சீசன் ஜூன்: என் விரல்.

எனக்கும் ஒரு வடு உண்டு. கல்யாணமான புதுசில் பாக்கு வெட்டும்போது பாக்குவெட்டியில் மாட்டினது, குறுக்கே சாய்ந்த கோடு. தாள் தாளாக ஆறு பெண்கள் பேருக்கு எதிரே ஆறு சாய்ந்த கோடு. கைரேகை நிபுணர் எதற்கு? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும்.

அவளுக்கு ஐந்து சீசன் வேண்டும். அவள் விரல் நாலு சீசனில்தான் இருக்கிறது. மீதி ஏழையும் நான் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. சொன்னால் பொய்க் கைநாட்டு வைத்த கிளார்க், விசாரணை, பென்சன் போச்சு. சொல்லாமல் கரையான் என்று எழுதிக் கொடுத்தால் பதினாலாம் தேதி கழுத்தில் மாலையோடு வீட்டுக்குப் போகலாம், அவள் மறுபடி கோமதியாகவோ பேச்சியாகவோ படியில் நிற்பாள்.

எழுதிப் பார்த்தால் மூன்று வரிதான் வருகிறது. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்.

27, வியாழன்

வீட்டுக்காரர் வந்திருந்தார். நாங்கள் குடியிருக்கிற வீட்டையே விற்கிறாராம், முதலில் எங்களைத்தான் கேட்பாராம். சண்பகம் சுவரையெல்லாம் தட்டிப் பார்க்கிறாள். "அடுப்படிய மட்டும் இடிச்சுக் கெழக்க தள்ளிக் கட்டணும். பென்சனோட கையில வர்ற பணம் இதுக்குன்னே வருது பாருங்க." சரி சரி என்றேன். இருபத்தாறு வருஷம் அந்த அடுப்படிப் புகையில் கண்ணைக் கசக்கியவள். கேட்டதெல்லாம் ஒரு ஜன்னல்.



30, ஞாயிறு

மூன்று மணிக்கு வாசலில் இசக்கி. மடியில் மங்குஸ்தான். பத்துப் பன்னிரண்டு இருக்கும். குற்றாலத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

சண்பகம் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். இரண்டு பேரும் பேசின பேச்சு, நான் பேப்பர் படிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சீசன் இல்லாத மாசம் என்ன செய்வே?"

"பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல வெங்காய மூட்டை எறக்குவேன் மதினி. இப்பம் இடுப்பு கேக்க மாட்டேங்கு. நிரந்தரம்னா மழை பெஞ்சாலும் பெய்யாட்டாலும் சோறு உண்டுல்லா. வயசான பொறவும் ஏதோ தருவாவளாம். எங்க வம்சத்துல ஒருத்தரும் அப்படி வாங்குனதில்ல."

"அண்ணாச்சி பாத்துக்கிடுவாவ" என்றாள் சண்பகம், என்னைக் கேட்காமலே.

"ஆமா மதினி, என் கட்டைவிரலே போதும்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ."

பேப்பரை ஒரே பக்கத்தில் வைத்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது. அவள் போன பிறகு சண்பகம் பழத்தை உடைத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். "சவம், வயித்துக்கு ஒண்ணும் ஆகாது, தின்னுங்க." வாயில் போட்டேன். கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டேன்.

2 ஆகஸ்ட், புதன்

கரையான் சர்டிபிகேட்டை மா. தானே டைப் அடித்து வைத்துவிட்டார். கையெழுத்து மட்டும் என்னுடையது வேண்டும். பேனாவில் மை இல்லை என்றேன். தன் பேனாவைக் கொடுத்தார். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றேன். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"நாளைக்குப் போடுங்க" என்றார். சிரிக்கவில்லை.

5, சனி

போட்டுவிட்டேன்.

என்னத்தை எழுத. அவர் பென்சன் பேப்பரை எடுத்து எனக்கு முன்னால் விரித்து வைத்தார், பக்கத்தில் சர்டிபிகேட். ஒரே பேனாவால் அதில் அவர் கையெழுத்து, இதில் என் கையெழுத்து. ஒரு நிமிஷ வேலை.

"கட்டுகளை வெளியே தெரியாம பண்ணிடுங்க" என்றார். ஆபீஸ் பின்னால் கொண்டு போய் எரிக்கப் பார்த்தேன். ஆடிச் சாரலில் எது எரியும்? ஒரு பெட்டித் தீக்குச்சி தீர்ந்தது, புகைதான். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வெந்நீர் போடுதியளா?" என்கிறான். கட்டு நனைவதற்குள் சாக்குப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாளைக்கு அடுப்பில் வைத்துவிடலாம். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

வரும்போது இசக்கி படியில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

6, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். சண்பகம் பெருக்கும்போது பையை இழுத்திருக்கிறாள். நான் கடைத்தெருவிலிருந்து வந்தால் தரை முழுக்க மஸ்டர் தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் 57ஆம் வருஷத்துத் தாளை என் முன்னால் நீட்டினாள்.

"இது உங்க விரல்லா?"

"எப்படித் தெரியும்?"

"பாக்குவெட்டி பட்டப்போ மஞ்சப்பத்து போட்டு ஒரு மாசம் கட்டுனது யாரு? எனக்குத் தெரியாதா? எதுக்கு வரிசையா உங்க விரலு?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன். பேர் மாற்றினது, விரல் வைத்தது, கரையான், நேற்றுப் போட்ட கையெழுத்து. முடிந்ததும் தாளையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"இப்பம் நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

"என்கிட்ட கேட்டா விரலை வச்சிய? உங்க பென்சன்னா எனக்கும் அதான் சோறு. அதை வச்சு விளையாடிட்டு இப்பம் வந்து கேக்கிய. எனக்கு வீடு வேணும். அவ கொண்டாந்த பழத்தையும் தின்னுட்டேன். ரெண்டுக்கும் நடுவுல என்னை நிறுத்தாதிய."

அழுதாள். அவள் அழுது ரொம்ப வருஷமாகிறது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

8, செவ்வாய்

வீட்டில் பேச்சு இல்லை. சோறு வருகிறது, தண்ணீர் வருகிறது. அவ்வளவுதான். கட்டு அடுப்பில் வைக்கப்படவில்லை. நானும் கேட்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை.

ஒப்படைக்க வேண்டியவை: அலமாரிச் சாவி 2. ரெக்கார்டு ரூம் சாவி 1. ரூல் தடி. தபால் தராசு. ஸ்டாம்ப் பேடு 1 (காய்ந்தது).

10, வியாழன்

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காலையில் கிளம்பும்போது சண்பகம் தூக்குச்சட்டியோடு சாக்குப் பையையும் வாசலில் வைத்திருந்தாள். தூக்கினேன். கனம். அவளைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மழையா இருக்கு. நனையாம கொண்டு போங்க." நாலு நாளைக்குப் பிறகு பேசின முதல் பேச்சு.

பையை மேசைக்கு அடியில் வைத்துக் காலால் அணைத்துக்கொண்டேன்.

ஆபீசர் பத்தரைக்கு வந்தார். நரைத்த ஆள், ஜலதோஷம், தைலத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். மா. சர்டிபிகேட்டை நீட்டினார். வாசித்தார்.

"பதினொரு கட்டையுமா அரிச்சுது?"

"மலையடிவாரம் சார். கரையான் ஜாஸ்தி."

"அப்ப ஆட்களைக் கூப்பிடுங்க. விசாரிச்சாவது எழுதுவோம்."

ஐந்து பேர் வந்து போனார்கள், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசியில் இசக்கி, சேலை நனைந்து, கையில் தேய்க்கிற பிரஷ்.

"பேர் என்னம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"எந்த வருசத்துப் பேரு அய்யா?"

மா. சிரித்தார். "இவளுக்கு சொந்தப் பேரே தெரியலை சார்." ஆபீசர் சிரிக்கவில்லை. பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். போகச் சொன்னார். அவள் வாசல்படியில் ஒரு தடவை நின்று திரும்பி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். கோபமில்லை, நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்த மாதிரி.

ஆபீசர் சர்டிபிகேட்டை என் பக்கம் திருப்பினார். வெறும் சம்பிரதாயத்துக்குத்தான் கேட்டார்.

"இந்தக் கையெழுத்து உம்முடையதுதானே?"

"ஆமா சார்" என்றேன். பிறகு, எங்கிருந்து வந்ததோ தெரியாது, "கைநாட்டும் என்னுதுதான் சார்" என்றேன்.

"எந்தக் கைநாட்டு?"

பையை எடுத்து மேசை மேல் வைத்தேன். மா. எழுந்து நின்றுவிட்டார். நாடாவை அவிழ்த்து ஒவ்வொரு வருஷமாக விரித்தேன். இது அவள் விரல், பிறை. இது மூன்று பேரிலும் அவளேதான். இங்கிருந்து என் விரல், சாய்ந்த கோடு. நின்றவள் அவள், கூலி வாங்கினவள் அவள், விரல் வைத்தவன் நான். கரையான் பொய்.

ரொம்ப நேரம் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"எத்தனை நாள் ஓய் இருக்கு உமக்கு?"

"நாலு நாள் சார்."

"நாலு நாள் சும்மா இருந்திருக்கக் கூடாதா?" கோபமாகக் கேட்டார், ஆனால் என் மேல் மட்டும் கோபம் இல்லை போலிருந்தது. வாக்குமூலம் எழுதச் சொன்னார். எழுதினேன், மூன்று பக்கம். அடியில் கையெழுத்து. "விரலையும் வையும், ஒப்பிட்டுப் பார்க்க வேணும்" என்றார். பேடு காய்ந்திருந்தது. மா.வின் மைக்கூட்டிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன். என் சொந்தப் பேருக்கு எதிரே என் கட்டைவிரலை வைத்தது இதுதான் முதல் தடவை.

வீட்டில் சொன்னேன். சண்பகம், "சாப்பிடுங்க" என்றாள்.

11, வெள்ளி. ஆடி அமாவாசை

தர்ப்பணக் கூட்டம். படியில் எள்ளும் இலையும். இசக்கிக்கு இடுப்பை நிமிர்த்த நேரமில்லை. விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். எதிர்பார்த்தேன்.

வந்தாள். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"கைநாட்டு வைக்கணும்னு நான் மழையில வந்து நிப்பேன். 'போ இசக்கி, வச்சாச்சு'ன்னுவிய. ஏழு வருசமும். நம்ம நனையக் கூடாதுன்னு எரக்கப்பட்டுல்லா சொல்லுதாவன்னு நெனச்சேன். என்கிட்ட இருந்தது அந்த ஒரு விரல்தான் அண்ணாச்சி. அதையும் வேண்டாம்னுட்டு இருந்திருக்கிய."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. வெட்கமாக இருந்தது, எழுதும்போதும் இருக்கிறது.

விரலில் மை போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.

12, சனி

மெமோ. பென்சன், இதர தொகைகள் எல்லாம் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்படுகின்றன. மா.வுக்கும் ஒரு மெமோ என்று கேள்வி. என்னோடு பேசுவதில்லை, காகிதத்தை மேசையில் எறிகிறார்.

வீட்டுக்காரரிடம் சண்பகமே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. திரும்பி வந்து அடுப்படியில் ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். மகனுக்கு நான் எழுதப் போவதில்லை. அவள் எழுதச் சொல்லட்டும்.

14, திங்கள்

கடைசி நாள். காலையிலிருந்து கொட்டுகிறது. மாலை இல்லை, டீ பார்ட்டி இல்லை. வாட்ச்மேன் மட்டும் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தான்.

இரண்டு மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து ஆள் மூலம் கவர். ஆபீசர் அனுப்பியது. என் வாக்குமூலத்தை வைத்து இசக்கியம்மாள் பேரைப் பட்டியலில் சேர்த்துச் சிபாரிசு செய்திருக்கிறார். உத்தரவு மேலிடத்திலிருந்து வர வேண்டும். அதற்கு அவள் சம்மதப் பாரம் உடனே வேண்டும், இடது கட்டைவிரல் ரேகையோடு, இன்று மாலை பஸ்ஸிலேயே. வந்த ஆள் கையோடு வாங்கிப் போக உட்கார்ந்திருந்தான். பஸ் ஐந்தரைக்கு.

கவரை நாலரை வரை தன்னிடமே வைத்திருந்துவிட்டு மா. பாரத்தை என் மேசையில் எறிந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அருவியில் வெள்ளம், படிப்பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் எங்கே இருக்கிறாளோ.

"ஆளைத் தேட இப்ப நேரமில்லை. நீங்கதான் வழக்கமா வைக்கிற ஆளாச்சே, வச்சு அனுப்புங்க" என்றார். கேலியா, நிஜமா, தெரியவில்லை. பேடு மேசையில் திறந்தே கிடந்தது.

பாரத்தைச் சட்டைக்குள் வைத்தேன். பேடைத் துண்டில் சுற்றினேன். கம்பி போன குடை. இறங்கி நடந்தேன்.

பெண்கள் பக்கம் இல்லை. கடை வரிசையில் இல்லை. பழக்கடைக்காரர், "எதுக்கு ஓய் இப்படி நனையிதிரு? அவ செம்பகாதேவிப் பாதையில மண்டபத்துல ஒதுங்கியிருப்பா" என்றார். ஏறினேன். மூச்சு வாங்கியது. மண்டபத்தில் நாலைந்து பேரோடு குளிரில் குந்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

பாரத்தை நீட்டினேன். சொன்னேன். கையை நீட்டினாள். விரல் ஊறி வெளுத்துப்போயிருந்தது, மை பிடிக்கவில்லை. துண்டால் துடைத்தேன். மறுபடி வைத்தாள், ரேகை விழவில்லை. சட்டையின் உலர்ந்த இடத்தில் துடைத்தேன். மூன்றாவது தடவை பாதி விழுந்தது. விரலைத் தன் கழுத்துக்கடியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு கேட்டாள்:

"இது யாரு பேருக்கு அண்ணாச்சி?"

"இசக்கியம்மாளுக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டினேன். அதன் பிறகுதான் அழுத்தினாள். பிறை முழுசாக விழுந்தது.

காயும்வரை இரண்டு பேரும் குனிந்து சாரல் படாமல் மறைத்துக்கொண்டு நின்றோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து பத்து. ஐந்து மணியோடு என் உத்தியோகம் முடிந்திருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம். இறங்கி ஓடினேன்.